பசை போனால் மட்டும் பரவுமா?

அன்புள்ள தம்பிக்கு,

உன் எம்.டி. தீசிஸின் முதல் அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். நடை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பதினோராம் பக்கத்தில், செல்களை ஒட்டிவைக்கும் பசையான இ-கேட்ஹெரின் போனால் செல்கள் பிரியும், பிரிந்தவை பரவும் என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டாய். முப்பது வருஷம் ஸ்லைடு பார்த்த உரிமையில் சொல்கிறேன், அந்த வரியை அடித்துவிடு. அது பொய்யில்லை, பாதிதான்.

சரியாக இருக்கும் பாதியை முதலில் பார்ப்போம். மார்பகத்தின் லோபுலார் புற்றுநோய் ஸ்லைடு ஒன்றை எடுத்து வை. குழாயும் கட்டாமல் கூடும் கட்டாமல், நார்த்திசுவின் இடுக்கில் எறும்புச் சாரை மாதிரி செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பெரும்பாலான கேஸ்களில் 16ஆம் குரோமோசோமில் உள்ள சி.டி.எச்.1 மரபணு பழுதாகி, இ-கேட்ஹெரின் செல்சவ்விலிருந்து காணாமல் போயிருக்கும். கட்டியாகத் திரளாததால் கைக்கும் எளிதில் தட்டுப்படாது, மேமோகிராமும் பல நேரம் தவறவிடும்.

நானும் தவறவிட்டிருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், அக்குளிலிருந்து எடுத்த நிணநீர்க்கணு ஒன்றைப் பார்த்து 'புற்றுநோய் இல்லை' என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் என் சீனியர் எதுவும் பேசாமல் கெரட்டின் ஸ்டெயின் போட்ட ஸ்லைடை நீட்டினார். லிம்போசைட் என்று நான் நினைத்துக் கடந்துபோன இடமெல்லாம் புற்றுச் செல்களின் பழுப்புப் புள்ளிகள். ஒட்டாத செல், கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும் என்பதைப் புத்தகத்திலிருந்து நான் கற்கவில்லை.

கேட்ஹெரின் என்ற இந்த ஒட்டுப் புரதம் கிடைத்த கதையும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கியோட்டோவிலிருந்து பால்டிமோரின் கார்னெகி ஆய்வகத்துக்குப் போன மசடோஷி தகெய்ச்சி, செல்களை டிரிப்சினில் பிரித்து மறுபடி ஒட்டவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் ஒட்டிய செல்கள் அங்கே ஒட்டவில்லை. தேடிப்பார்த்தால், அந்த ஆய்வகத்து டிரிப்சினில் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கலந்திருந்தது. கால்சியம் இருந்தால் டிரிப்சினால் வெட்ட முடியாத ஒட்டுப் புரதம் ஒன்று செல்லின் மேல் இருக்கிறது என்பதை அப்படித்தான் பிடித்தார். கட்டுரை 1977இல் வந்தது. கரைசல் சரியில்லை என்று அதைக் கொட்டிவிட்டுப் போயிருந்தால் கேட்ஹெரினும் அதோடு போயிருக்கும். உன் ஸ்டெயின் 'வேலை செய்யாத' நாளில் இதை நினைத்துக்கொள்.

1998இல் நியூசிலாந்தின் மாவோரி குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த 'டிஃப்யூஸ்' வகை இரைப்பைப் புற்றுநோய்க்கும் இதே சி.டி.எச்.1 மரபணுதான் காரணம் என்று தெரியவந்தது. பசை போனால் ஆபத்து என்ற முடிவு அதோடு இறுகிவிட்டது.

நீ எழுதாத பாதி இனிமேல்தான் வருகிறது. 2014இல் பாஸ்டனில் மார்பகப் புற்றுநோய் செல்களை எலிகளில் ஆராய்ந்தார்கள். இரத்தத்தில் தனியாகப் போகும் புற்றுச் செல்லைவிட, பிளாகோகுளோபின் என்ற இணைப்புப் புரதத்தால் ஒட்டிக்கொண்டு கொத்தாகப் போகும் செல்கள் வேறு உறுப்பில் வேர்பிடிக்கும் வாய்ப்பு 23 முதல் 50 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். 2019இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆண்ட்ரூ இவால்டின் குழு இ-கேட்ஹெரினையே நீக்கிப் பார்த்தது. செல்கள் அக்கம்பக்கத்துத் திசுவுக்குள் வேகமாக ஊடுருவின. ஆனால் வழியிலேயே பெருமளவில் செத்தன, தொலைவில் போய் முளைத்தவை குறைவு. அழற்சி மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள். மிக வேகமாகப் பரவும் அந்த நோயில் தோலின் நிணநீர்க்குழாய்களை அடைத்துக் கிடக்கும் கொத்துகளில் இ-கேட்ஹெரின் பளிச்சென்று இருக்கும். வீட்டை விட்டு வெளியேற ஒட்டு தளர வேண்டும். பயணத்தில் பிழைக்க அதே ஒட்டு சில வகைகளுக்குத் தேவைப்படுகிறது. 'பசை' என்று பெயர் வைத்ததே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிட்டது என்பேன். செல்லுக்குள் நீளும் இ-கேட்ஹெரினின் வால் பீட்டா-கேட்டெனினைப் பிடித்து வைத்திருக்கிறது. பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்ற சேதியும் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது.

மேஜையில் உனக்கு உதவக்கூடிய இரண்டு விஷயம் சொல்கிறேன். எச் அண்ட் ஈ ஸ்லைடைப் பார்த்து உன் கருத்தை எழுதி வைத்த பிறகே இ-கேட்ஹெரின் ஸ்டெயினைக் கேள். லோபுலார் கேஸ்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தில் இ-கேட்ஹெரின் ஏதோ ஒரு வடிவத்தில் தெரியும். சவ்வு பழுப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நோயின் பெயரை மாற்றாதே. நெகட்டிவ் என்று எழுதுமுன் அதே ஸ்லைடில் நோய் தொடாத பால்குழாய் ஒன்றைத் தேடு. அதன் சவ்வில் பழுப்பு ஏறவில்லையென்றால் கையெழுத்துப் போடாதே, திரும்பப் போடச் சொல். டெக்னீஷியன் முணுமுணுப்பார், பரவாயில்லை.

பதினோராம் பக்கத்தைத் திருத்தி அனுப்பு. அந்த நிணநீர்க்கணு பிளாக்கிலிருந்து வெட்டிய ஒரு ஸ்லைடு இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது கெரட்டின் ஸ்டெயின் இல்லாமல் பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்