புதிதாய் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு ஏழு அறிவுரைகள்

பழுகாமத்திலும் அயலில் உள்ள படுவான்கரை ஊர்களிலும் புதிதாய் விசுவாசத்துக்கு வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே,

1. உபவாசம் இருங்கள், நாட்கணக்கு வைக்காதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில், "மூன்று நாள் உபவாசம் இருந்தேனே, ஆண்டவரே" என்று உரிமை பேச வாய் வரும். அந்த நேரம் இரக்கத்தை மட்டும் கேளுங்கள்.

2. லூக்கா 18ஆம் அதிகாரத்துப் பரிசேயன் பொய் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு முறை உபவாசம் இருந்தான், தசமபாகம் கொடுத்தான். ஆனால் அவன் ஜெபத்தைத் திரும்ப வாசியுங்கள்: ஆண்டவரிடம் அவன் எதையுமே கேட்கவில்லை. மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன் இரக்கம் கேட்டான். நீதிமானாய் வீடு திரும்பியவன் அவன்தான்.

3. "நாங்கள் பரம்பரை வேதக்காரர்" என்று யாரும் சொன்னால் கூச்சப்பட வேண்டாம். பவுலுக்கும் பெரிய பரம்பரை இருந்தது: பென்யமீன் கோத்திரம், பரிசேயர் ஒழுக்கம். கிறிஸ்துவுக்காக அத்தனையையும் நஷ்டக் கணக்கில் எழுதினார்.

4. ஊழியம் செய்து நிச்சயத்தைச் சம்பாதிக்கப் பார்க்காதீர்கள். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். அவரை அனுப்பிய சபையின் மூலவர் ஜோன் வெஸ்லி. அவர் குருவானார், ஒக்ஸ்போர்ட்டில் உபவாசம் இருந்தார், சிறைக்கைதிகளைப் போய்ப் பார்த்தார், ஜோர்ஜியாவுக்கு மிஷனரியாகவும் போனார். மனம் ஆறவில்லை. 1738 மே 24 இரவு, லண்டனில் ஒரு கூட்டத்தில் ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை வாசிக்கக் கேட்டபோதுதான், கிறிஸ்து ஒருவரே போதும் என்ற நிச்சயம் வந்தது. பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் ஓயாமல் ஊழியம் செய்தார். ஓய்வில்லாத ஊழியம் அந்த நிச்சயத்தில் பிறந்தது.

5. விசுவாசம் தளரும் நாளில் அதன் அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குருமண்வெளியில் வாவி கடக்கும் பாதைப் படகு ஏறுகிறவர்களில் நடுங்குகிறவரும் நடுங்காதவரும் ஒன்றாய்த்தான் மண்டூரில் இறங்குகிறார்கள்.

6. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு விரதம் இருக்கும் அயலவரை இளக்காரமாய்ப் பேசாதீர்கள். "நான் அறிந்துகொண்டேன்" என்ற பெருமையும் சுயநீதிதான். வேட்டி மட்டும் புதிது.

7. அப்படியென்றால் நற்செயல் வேண்டாமா? வேண்டும். ஆயக்காரன் சகேயுவைத் தேடி இயேசு முதலில் போனார். ஏழைகளுக்குப் பாதிச் சொத்தும், ஏமாற்றியதற்கு நாலு மடங்கும் என்ற அவன் வாக்கு பிறகுதான் வந்தது. ஆகவே வெட்டுக்கூலியை முழுதாய்க் கொடுங்கள், தனித்திருக்கும் கிழவிக்குச் சோறு கொண்டுபோங்கள். செய்த பிறகு, அதைச் சாட்சி நேரத்தில் சொல்லாதிருங்கள்.