வகுப்பு எந்த மண்ணில் நடக்கிறது?

திருச்செங்கோடு ரிக் வண்டிகளின் ஊர். வட மாநிலங்களில் எங்கோ ஒரு கிராமத்தில் போர் போட வந்து நிற்கும் வண்டியிலும் இந்த ஊரின் பெயரைப் பார்க்கலாம். நாடெங்கும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் இந்த ஊரைச் சுற்றியுள்ள மேட்டுக்காடுகளில், ஆயிரம் அடி தாண்டியும் கல்மாவு மட்டுமே கிளம்பிய போர்கள் உண்டு. காரணம் காலுக்கடியில் இருக்கிறது. மேலே கொஞ்சம் செம்மண்ணும் சரளையும், அதன் கீழே மக்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிக் கல். மக்கிய பாறையிலும் கெட்டிக் கல்லின் வெடிப்புகளிலும் தங்கும் தண்ணீர்தான் நமக்குக் கிடைப்பது. அந்த வெடிப்புகளை நிரப்புவது மழை ஒன்றே. பெர்மாகல்ச்சர் வடிவமைப்புப் பயிற்சிக்குப் போக நினைக்கும் இந்தப் பகுதிக்காரர்கள் யோசனையைத் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. யார் நடத்துகிறார்கள், என்ன சான்றிதழ் தருகிறார்கள் என்ற கேள்விகளைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அந்த வகுப்பு எந்த மழையில், எந்த மண்ணில் நடக்கிறது என்பதே முதல் கேள்வி.

பயிற்சியின் பின்னணி தெரிந்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் சேர்ந்து உருவாக்கிய நில வடிவமைப்புச் சிந்தனை பெர்மாகல்ச்சர். அவர்களுடைய முதல் புத்தகம் 1978-ல் வந்தது. மாலிசன் 1988-ல் வெளியிட்ட வடிவமைப்புக் கையேடுதான் இன்றும் உலகெங்கும் 72 மணி நேரப் பயிற்சிக்கு அடிப்படை. பெரும்பாலும் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை தங்கிப் படிக்கும்படி நடத்துகிறார்கள். முடிவில் ஒரு நிலத்துக்கு முழு வடிவமைப்பு வரைந்து எல்லோர் முன்னிலையிலும் விளக்க வேண்டும். கிடைக்கும் சான்றிதழ் அரசுப் பட்டயம் கிடையாது; அதைக் காட்டி வேலையோ கடனோ கேட்க முடியாது. மாலிசன் 1987-ல் இந்தியா வந்து பயிற்சி நடத்தினார். அந்த விதை தெலங்கானாவின் ஜஹீராபாத் வட்டாரத்து வறண்ட நிலங்களில் ஊன்றி வளர்ந்தது. நரசண்ணா கொப்புலாவும் பத்மா கொப்புலாவும் 1999-ல் தொடங்கிய அரண்யா அமைப்பு அங்கே சிறு விவசாயிகளோடு வேலை செய்து வருகிறது. 2017-ல் உலக பெர்மாகல்ச்சர் மாநாடு ஐதராபாத்தில் கூடியதற்குப் பின்னால் இத்தனை ஆண்டு உழைப்பு இருக்கிறது.

பயிற்சியின் உயிர்நாடி செடிகளின் பட்டியலில் இல்லை. எதை முதலில் முடிவு செய்வது என்ற வரிசையில் இருக்கிறது. நிலத்தின் சரிவு, தண்ணீர், பாதை, மரம், கட்டடம் என்று மாற்றக் கடினமானதை முதலிலும் எளிதில் மாற்றக்கூடியதைப் பின்னாலும் வைக்கும் இந்த முறையை 1950-களில் வகுத்தவர் பி. ஏ. யோமன்ஸ் என்ற ஆஸ்திரேலியர். நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் போர், பிறகு கம்பிவேலி, அதன்பின் வீடு, கடைசியில் மழை எங்கே ஓடுகிறது என்ற கவலை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் நாமக்கல் மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். ஓர் ஏக்கரில் அது 28 லட்சம் லிட்டர். ஐப்பசியில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் பெய்தால், அந்த ஓர் ஏக்கரில் விழுவது 2 லட்சம் லிட்டர். சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பார்த்து, 200 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வெட்டும் ஒரு சமமட்டக் குழி சுமார் 25,000 லிட்டரைப் பிடிக்கும். மூன்று குழி வெட்டினால் அந்த இரவின் மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரப்பைத் தாண்டாது. பிடித்ததெல்லாம் பாறை வெடிப்புக்குப் போய்ச் சேராது. ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கை வேர் குடிக்கும். ஆனாலும் இந்தக் கணக்கைத் தன் காட்டுக்குத் தானே போடக் கற்றவர், அடுத்த போருக்குப் பணம் புரட்டும் முன் ஒருமுறை யோசிப்பார்.

இந்த வரிசை எல்லா ஊருக்கும் ஒன்றுதான். விடைகள் ஊருக்கு ஊர் மாறும். அதனால்தான் மண்ணையும் மழையையும் கேட்கச் சொல்கிறேன். ஆரோவில்லில் கற்க நிறைய உண்டு. 1968-ல் பொட்டலாகக் கிடந்த செம்மண் மேட்டை வரப்பு போட்டும் மரம் வைத்தும் காடாக்கிய அனுபவம் அங்கே இருக்கிறது. ஆனால் கடலோரமான அங்கே பெய்யும் மழை நம்முடையதைவிட அதிகம். ஈரமான ஊரில் மூடாக்கு போட்டால் மக்கி மண்ணாகும். நம் மேட்டுக்காட்டில் அதே தழை கோடையில் காய்ந்து கரையானுக்குப் போகும். அங்கே தானே தழைக்கும் வாழை வட்டத்துக்கு இங்கே குளியலறைத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். கரூர் மாவட்டம் கடவூரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் பண்ணை நம் நிலத்துக்கு நெருக்கமான பாடம். வறண்ட, கல் நிறைந்த இடம். பயிற்சியும் தமிழிலேயே நடக்கிறது. அங்கே நடக்கும் சில நாள் பயிற்சிக்கு முதலில் போய், தேவை உறுதியான பிறகு 72 மணி நேர வகுப்பைத் தேடுவது நல்ல வரிசை.

பணம் கட்டும் முன் நடத்துபவரிடம் கேட்க வேண்டியவை சில. வகுப்பு நடக்கும் பண்ணைக்கு வயது என்ன? இரண்டு பஞ்சமாவது பார்த்திராத பண்ணை தன் தண்ணீர்த் திட்டம் சரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. பண்ணை விளைச்சலில் நடக்கிறதா, பயிற்சிக் கட்டணத்தில் நடக்கிறதா? இரண்டும் குற்றமில்லை, ஆனால் பதில் தெரிய வேண்டும். பட்டுப்போன மரங்களையும் உடைந்த வரப்புகளையும் காட்டுவார்களா? மொத்த நேரத்தில் மண்வெட்டியும் மட்டக்குழாயும் கையில் இருப்பது எவ்வளவு? எந்த மொழியில் பாடம்? கடைசி வடிவமைப்பு, தாளில் வரைந்த கற்பனை நிலத்துக்கா, பங்கேற்பவரின் சொந்த நிலத்துக்கா? கடைசிக் கேள்வியின் பதில் ஒன்றை வைத்தே முடிவெடுக்கலாம்.

போவதற்கும் ஒரு தயாரிப்பு உண்டு. உங்கள் காட்டின் புலப்படம், கிணறும் போரும் இருக்கும் இடங்கள், கிணற்றில் மாதாமாதம் தண்ணீர் நிற்கும் மட்டம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அதற்கு முந்தைய ஐப்பசியில், மழை கொட்டும்போது குடை பிடித்துக் காட்டில் நின்று, தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே மண்ணை அரிக்கிறது, எந்த மூலையில் வெளியேறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் பயிற்சியை முடித்தால் சித்திரையில் ஒரே ஒரு சமமட்டக் குழி வெட்டலாம். நிரம்பினால் எந்த வழியாக வழிய வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு வெட்டுங்கள். வழி வைக்காத குழி வரப்பை உடைக்கும். ஆடிப்பட்டமும் ஐப்பசியும் அதைச் சோதித்துச் சொல்லும். முதல் ஆண்டிலேயே நூறு வகை மரம் வைத்து, இரண்டாம் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்ற வேண்டாம். இன்னொன்று: காட்டில் அன்றாடம் வேலை செய்பவர் யாரோ அவரும் வகுப்புக்கு வர வேண்டும். வீட்டில் ஒருவர் படித்துவிட்டு வந்து உத்தரவு போட, இன்னொருவர் தண்ணீர் கட்டும் ஏற்பாட்டில் எந்த வடிவமைப்பும் தேறாது.

"இதெல்லாம் நம் பெரியவர்களுக்குத் தெரியாததா?" என்று கேட்பவர்கள் உண்டு. தெரிந்ததுதான். தோட்டத்துச் சாளை, அதை ஒட்டிக் கட்டுத்தரை, அடுத்து குப்பைக்குழி, அப்பால் கிணறும் பாத்திகளும், எல்லையில் கிளுவை வேலி, வரப்பில் பனையும் வேம்பும் என்று கொங்கு நாட்டுப் பண்ணையம் அமைந்தது, தினமும் போகும் இடம் பக்கத்தில், எப்போதாவது போகும் இடம் தூரத்தில் என்ற பெர்மாகல்ச்சர் மண்டலக் கணக்கேதான். ஆனால் அந்த அறிவு கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்துக்கு அளவெடுத்தது. இன்று நிலம் துண்டாகிவிட்டது, ஆட்கள் தறிக்கும் லாரிப் பட்டறைக்கும் போய்விட்டார்கள், தண்ணீர் பாதாளத்துக்கு இறங்கிவிட்டது. பழைய அறிவைப் புதிய கணக்கில் மறுபடி பொருத்தும் வேலைக்குத்தான் பயிற்சி. அதனால் ஊரிலுள்ள மூத்த விவசாயியிடம் பேசாமல் வகுப்புக்குப் போவதும் அரைப் படிப்பே.

"காணொளிகள் இலவசமாகக் கிடைக்கின்றனவே" என்பதும் நியாயமான கேள்வி. தகவலுக்கு அவை போதும். மட்டம் பார்ப்பதும், மண்ணைப் பிடித்துக் களியா மணலா என்று அறிவதும் கைப்பழக்கம். தவறினால் திருத்த ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். மூன்றாவது ஆட்சேபம் பணம். இரண்டு ஏக்கர்க்காரருக்குப் பயிற்சிக் கட்டணம் பாரம்தான். வகுப்பு முடிந்த மறு மாதமே வருமானம் கூடும் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். ஆனால் தண்ணீர் இல்லாமல் போன ஒரு போருக்குக் கொட்டும் பணத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலான பயிற்சிக் கட்டணம் சிறிது. கடன் வாங்கிப் போக வேண்டிய நிலை என்றால் போகாதீர்கள். சில நாள் தமிழ்ப் பயிற்சியும், ஒரு மட்டக்குழாயும், ஓர் ஐப்பசி மழையும் தொடங்கப் போதும்.

பாறையைத் துளைப்பதில் திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மேலிருந்து விழுவதைப் பிடிக்கும் வித்தையை மட்டும் நாம் மறந்திருக்கிறோம். அதை நம் மழைக்கும் நம் மண்ணுக்கும் கற்றுத் தரும் வகுப்பைத் தேடிப் போங்கள். அடுத்த போருக்கு நாள் குறிக்கும் முன் போங்கள்.