குழாய்க்குக் காவல் இருக்கப் போகிறவளுக்கு

கண்ணு, நாளைக்கு நீ சேலத்தில் ஐசியூ வேலையில் சேரப் போகிறாய். நம் மலைக்கும் அடிவாரத்துக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஒன்றில் பைக்கோடு சரிந்தவனும், எஸ்டேட்டில் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்தவனும் உன் கைக்குத்தான் வருவார்கள். தலையில் அடி, இல்லாவிட்டால் கழுத்துத் தண்டுவடத்தில் அடி. வாய் வழியே குழாய் செருகி வென்டிலேட்டரில் வைத்திருப்பார்கள். சில நாள் போனதும், "டிரக்கியாஸ்டமி போட்டுடலாம்" என்பார் டாக்டர். அந்தக் கழுத்துக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே என் வேலைக்காலம் கழிந்தது. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை நீ கேட்டுத் தெரிந்துகொள்.

1. பொய்த் தைரியம் சொல்லாதே. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொழச்சுக்குவானா கண்ணு?" என்று கேட்டாள். "கழுத்துல ஓட்டை போட்டாச்சுல்ல, இனிமே சீக்கிரம் எந்திரிச்சுருவான்" என்றேன். அவன் எழவே இல்லை. கழுத்தில் போடும் துளை மூச்சுக்கு வழிவிடும், சளியை எடுக்க வழிவிடும், வென்டிலேட்டரிலிருந்து மெல்ல விடுபட உதவும். அடிபட்ட மூளையை அது குணப்படுத்தாது. தலைக்காயக்காரன் எந்த அளவுக்குத் தேறுவான் என்பதைப் பெரும்பாலும் அந்தக் காயம்தான் முடிவு செய்கிறது. "மூச்சுக்கு வழி செஞ்சிருக்கோம்மா, மூளை தேற நாளாகும், தேறுமான்னு இப்பவே சொல்ல முடியாது" என்று உட்கார்ந்து சொல். நின்றுகொண்டு சொல்லாதே.

2. டாக்டர் காத்திருந்தால், அவர் தாமதம் செய்கிறார் என்று உறவினர் காதில் போடாதே. பிரிட்டனில் 909 ஐசியூ நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2013-இல் வெளியானது. ஒரு பாதிக்கு முதல் நான்கு நாளுக்குள் துளை போடுவது, மறு பாதிக்குப் பத்து நாள் பொறுத்து, அப்போதும் தேவைப்பட்டால் போடுவது என்று ஏற்பாடு. முப்பது நாளில் இறந்தவர்களின் அளவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், நூற்றுக்கு முப்பத்தொன்று. பொறுத்திருந்த பக்கத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் துளையே போட வேண்டியிருக்கவில்லை. ஆனால் மரத்திலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடம் மேல்பக்கமாக நசுங்கியவன் கதை வேறு. உதரவிதானத்தை அசைக்கும் நரம்பு கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் கண்ணிகளிலிருந்து வருகிறது. அங்கே அடிபட்டவனுக்கு இருமக்கூட வலுவிருக்காது. அவனுக்குச் சீக்கிரமே துளை போடுவார்கள், அதுவும் சரிதான்.

3. இதை மட்டும் மறந்துவிடாதே. ஓர் இரவு, மணி மூன்று இருக்கும். வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டு இரண்டு நாளான பையன் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 97. சாயங்காலத்திலிருந்தே அவன் மூச்சில் காய்ந்த விசில் சத்தம் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. தூங்குகிறவனை எழுப்பி சக்‌ஷன் போடுவானேன் என்று இரக்கப்பட்டு, நான் சார்ட் எழுத உட்கார்ந்துவிட்டேன். சற்று நேரத்தில் விசில் நின்றுபோனது. நிம்மதியாகத் தூங்குகிறான் என்று நினைத்தேன். அலாரம் அடித்து ஓடிப் பார்த்தால் உதடு நீலம். சக்‌ஷன் குழாய் உள்ளே இறங்கவில்லை. திரும்பத் திரும்பத் தள்ளினேன். கை நடுங்கியது, ஆளைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை. சத்தம் கேட்டு வந்த மூத்த சிஸ்டர், குழாயைச் சுற்றியிருக்கும் காற்றுப் பலூனான கஃபைச் சுருக்கிக் குழாயையே வெளியே இழுத்தார். அதன் நுனியில் விரல் கணு நீளத்துக்குச் சளிக்கட்டி, காய்ந்த பலாப்பால் போல. பையன் பிழைத்தான். அந்த நான்கைந்து நிமிடம் அவன் மூளையிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போனது என்று எனக்கு இன்றும் தெரியாது.

மூக்கு வழியே போகிற காற்று நனைந்து, சூடாகி உள்ளே போகும். கழுத்து வழியே போகிற காற்றுக்கு அந்த நனைவு கிடையாது, சளி இறுகிவிடும். அதனால் காற்றை ஈரப்படுத்து, சத்தத்துக்குக் காது கொடு, சத்தம் நின்றால் இன்னும் கூர்ந்து கேள். சக்‌ஷன் குழாய் இறங்காவிட்டால் தள்ளிக்கொண்டே நிற்காதே, கத்தி ஆளைக் கூப்பிடு. டியூட்டி ஏற்றதும் தலைமாட்டில் அதே அளவில் ஒரு குழாய், ஓர் அளவு சிறியதாய் இன்னொன்று, ஆம்பு பை, வேலை செய்கிற சக்‌ஷன் எல்லாம் இருக்கின்றனவா என்று உன் கையாலேயே தொட்டுப் பார். முந்தைய டியூட்டிக்காரி இருக்கிறது என்று சொன்னால் போதாது.

4. சக்‌ஷன் போடும்போது நீயும் மூச்சை அடக்கிக்கொள். உனக்கு முட்டினால் அவனுக்கு எப்போதோ முட்டியிருக்கும். பத்து, பதினைந்து விநாடிக்குள் குழாய் வெளியே வந்துவிட வேண்டும்.

5. கஃபில் காற்றை விரலால் அமுக்கிப் பார்த்து "சரியா இருக்கு" என்று எழுதாதே, நாங்கள் அப்படித்தான் பல வருஷம் எழுதினோம். அளவுமானி வைத்து 20-லிருந்து 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் வை. அதற்கு மேல் போனால் மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு ரத்த ஓட்டம் நின்று புண்ணாகும். அந்தப் புண் ஆறும்போது வழி சுருங்கும். நன்றாக நடந்து வீட்டுக்குப் போனவன் சில மாதம் கழித்துப் படியேற முடியாமல் இரைந்துகொண்டு திரும்பி வருவான்.

6. துளை போட்டுச் சில நாள், சில வாரம் ஆன பிறகு குழாயில் புது ரத்தம் வந்தால், ஒரு ஸ்பூன் அளவே வந்து தானாக நின்றிருந்தாலும், டாக்டரை எழுப்பு. திட்டினால் திட்டட்டும். மூச்சுக்குழாய்க்கு முன்னால் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அரிதாக அது அரிபட்டால் இப்படிச் சிறிதாகத்தான் முதலில் காட்டும்.

7. அவனுக்குப் பேச்சு இல்லை, ஆனால் காது இருக்கிறது. காற்று குரல்வளைக்குப் போகாமல் கழுத்திலேயே வெளியேறிவிடுவதால் குரல் வராது. படுக்கைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு சினிமாக் கதை பேசாதீர்கள். கண் சிமிட்டினால் ஆமாம், இரண்டு முறை சிமிட்டினால் இல்லை என்று முதல் நாளே பழக்கு. கை வருகிறவனுக்கு ஒரு சிலேட்டு கொடு. எழுதத் தெரியாதவனுக்குத் தண்ணீர், வலி, அம்மா என்று படம் வரைந்து காட்டு. குழாயில் பொருத்தும் பேச்சு வால்வு என்று ஒன்று உண்டு. தசைச் சிதைவு நோயால் கை கால் செயலிழந்து வென்டிலேட்டரில் இருந்த டேவிட் மியூர் என்ற அமெரிக்க இளைஞர், தனக்குப் பேச வேண்டும் என்று 1980-களில் உருவாக்கியது அது. அதைப் பொருத்துமுன் கஃபை முழுக்கச் சுருக்கியாக வேண்டும். மறந்தால் உள்ளே போன காற்று வெளியே வர வழியிருக்காது.

8. அம்மாவுக்குக் கற்றுக்கொடு. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது, பெரிய ஆறுதல். நம் ஆட்கள் இந்தத் துளையோடு வாழ வேண்டிய நாட்கள் பெரும்பாலும் அந்த 48 மணி கழிந்த பிறகுதான் தொடங்குகின்றன. மகனைக் கூட்டிக்கொண்டு மலையேறிப் போகிறவளிடம் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடாதே. விறகடுப்புப் புகை இருக்கிற அறையில் படுக்க வைக்க வேண்டாம் என்று சொல். மழைக்காலத்தில் மேலே கரண்ட் போனால் போனதுதான், அதனால் காலால் மிதிக்கிற சக்‌ஷன் பம்ப் கிடைக்குமா என்று விசாரித்துக் கொடு.

நாகலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவள். மகனுக்கு உலோகக் குழாய் போட்டிருந்தது, உள்ளே ஒரு சின்னக் குழாய், அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். முதல் நாள் தொடவே பயந்தாள். நான்காம் நாள் காய்ச்சி ஆறிய தண்ணீரில் சமையல் சோடாவைக் கரைத்து, காஸ் துணியை முறுக்கி உள்ளே விட்டு இழுத்து, ஜன்னல் பக்கம் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாய் வழியே வெளிச்சத்தைப் பார்த்தாள். ஓரத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று மறுபடி கழுவினாள். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அவள் அதை மாட்டி முடிக்கும்வரை டிஸ்சார்ஜ் சீட்டை என் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.