ஒரே அலமாரியில் இரண்டு நகல்

மாணவர்களே, 2021ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொட்டிய மழை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் பல வீடுகளின் கீழ்த்தளம் முழுவதும் நீரில் மூழ்கியது. அப்படிப்பட்ட வெள்ளம் வடிந்த பிறகு மெத்தை, சோபா, குளிர்பதனப் பெட்டி எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். கஷ்டப்பட்டாவது அவற்றைத் திரும்ப வாங்கிவிடலாம். தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இப்போது ஆல்பம் கைப்பேசிக்குள் போய்விட்டது. "அதெல்லாம் கவலை இல்லை, அப்பா ஒரு வெளி வன்தட்டு வாங்கி எல்லாவற்றையும் அதில் போட்டு வைத்திருக்கிறார்" என்று சிலர் சொல்வீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த வன்தட்டு எங்கே இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள இழுப்பறையில்தான் இருக்கும், மடிக்கணினிக்குப் பக்கத்திலேயே. நகல் எத்தனை இருக்கிறது என்பதைவிட அவை எங்கெங்கே இருக்கின்றன என்பதே முக்கியம். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

படிவம் 4 கணிதத்தில் கூட்டு நிகழ்வுகளின் நிகழ்தகவு வருகிறது அல்லவா? அதுதான் இங்கே வேண்டும். ஒரு வன்தட்டு ஓர் ஆண்டுக்குள் தானாகப் பழுதாகும் வாய்ப்பு 2 விழுக்காடு என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். இரண்டு வன்தட்டுகளும் ஒரே ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு 0.02 × 0.02 = 0.0004. அதாவது 10,000 குடும்பங்களில் 4 குடும்பங்கள்தான் படங்களை இழக்கும். மகிழ்ச்சி!

கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பெருக்கல் சார்பற்ற நிகழ்வுகளுக்கு மட்டுமே செல்லும். ஒரு தட்டுக்கு நேர்வது மற்றொன்றைப் பாதிக்கக்கூடாது. வெள்ளமும் தீயும் திருடனும் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. வீட்டையே தாக்கும் விபத்துக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு வாய்ப்பு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது இழப்பின் வாய்ப்பு 0.01 + (0.99 × 0.0004). ஏறத்தாழ 0.0104. 4 குடும்பங்கள் 104 குடும்பங்களாகிவிட்டன.

சரி, மூன்றாவது வன்தட்டு ஒன்றையும் வாங்கி அதே இழுப்பறையில் வைத்தால்? கணக்கைப் போட்டுப் பாருங்கள், 100 குடும்பங்கள் வரும். காசைச் செலவழித்து 4 குடும்பங்களைத்தான் காப்பாற்றியிருக்கிறோம். அதற்குப் பதிலாக, இருக்கிற இரண்டு தட்டுகளில் ஒன்றை வேறு ஊரில் உள்ள பாட்டி வீட்டில் வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு தட்டும் தன் இடத்தில் அழியும் வாய்ப்பு 1 - (0.99 × 0.98) = 0.0298. இரண்டும் அழிய 0.0298 × 0.0298. ஏறத்தாழ 0.0009, அதாவது 9 குடும்பங்கள். ஒரே இழுப்பறையில் மூன்று தட்டுகள் வைத்தால் 100 குடும்பங்கள். இரண்டு ஊர்களில் இரண்டு தட்டுகள் வைத்தால் 9 குடும்பங்கள். புதிதாக எதுவும் வாங்கவில்லை, ஒரு தட்டின் இடத்தை மட்டும் மாற்றினோம்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலமாக்கிய '3-2-1' விதியின் பின்னணியும் இதுதான். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வெளியிடத்தில். மூன்றாவது எண்ணைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மேகம் என்பது ஒரு கட்டடம்

வெளியிடம் என்றதும் கூகள் போட்டோஸ், ஐகிளவுட் போன்ற மேகச் சேமிப்புகள் நினைவுக்கு வரும். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். வானத்தில் எதுவும் மிதக்கவில்லை. குளிரூட்டப்பட்ட கட்டடங்களில் அடுக்கடுக்காக இருக்கும் கணினிகள்தான் 'மேகம்'.

அங்கே உங்கள் படம் எப்படிப் பாதுகாக்கப்படுகிறது என்பது சுவையான அறிவியல். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் முறையை வெளிப்படையாகவே விளக்கியிருக்கிறது. ஒரு கோப்பை 17 துண்டுகளாக வெட்டுகிறார்கள். அவற்றிலிருந்து கணித முறையில் மேலும் 3 துண்டுகளை உருவாக்குகிறார்கள். இந்த 20 துண்டுகளும் 20 வெவ்வேறு கணினிகளுக்குப் போகும். எந்த 17 துண்டுகள் கிடைத்தாலும் முழுக் கோப்பையும் மீட்டுவிடலாம்; எந்த மூன்று காணாமல் போனாலும் பரவாயில்லை. இரண்டு சமன்பாடுகள் இருந்தால் இரண்டு தெரியா எண்களைக் கண்டுபிடிக்கிறோம் அல்லவா? கூடுதலாக ஒரு சமன்பாடு கையில் இருந்தால், ஏதாவது ஒன்று தொலைந்தாலும் விடை கிடைக்கும். அதே எண்ணம்தான். 1960இல் ரீட், சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் வெளியிட்ட முறை இது. குறுந்தட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடுவதும், கியூஆர் குறியீட்டின் ஒரு மூலை அழுக்கானாலும் கைப்பேசி அதைப் படிப்பதும் இதே முறையால்தான்.

இப்படிப்பட்ட ஏற்பாடுகளால்தான் அமேசான் தனது எஸ்3 சேமிப்புக்கு ஓர் ஆண்டில் 99.999999999 விழுக்காடு நிலைப்பு என்று சொல்கிறது. பதினொரு ஒன்பதுகள்! ஒரு கோடி கோப்புகளை வைத்தால் 10,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்று தொலையலாம் என்று அதற்கு விளக்கம் தருகிறார்கள்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும்: எதனால் தொலைவதைப் பற்றிய எண் அது? வன்தட்டுகளும் கணினிகளும் பழுதாவதைப் பற்றியது. கணக்கின் கடவுச்சொல் திருடுபோவதும், கட்டணம் கட்டாமல் விடுவதும், தம்பி தவறுதலாக 'நீக்கு' பொத்தானைத் தட்டுவதும் அந்தப் பதினொரு ஒன்பதுகளுக்குள் அடங்கவில்லை. வீடுகளில் படங்கள் தொலைவது பெரும்பாலும் இந்த வழிகளில்தான் என்பது என் எண்ணம்.

கட்டடம் என்பதால் அது எரியவும் செய்யும். 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீக்கிரையானது. காப்பு நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சில வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவ் என்ற சேமிப்பில் இருந்த 858 டெராபைட் தரவு அழிந்தது. வெளியிடத்தில் அதற்கு நகல் இல்லை. அதே இழுப்பறைக் கதைதான், இழுப்பறை மட்டும் கொஞ்சம் பெரிது.

ஒத்திசைவு வேறு, காப்பு வேறு

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். ஐகிளவுட் போட்டோஸ் முதன்மையாகச் செய்வது ஒத்திசைவு. அதாவது எல்லாச் சாதனங்களிலும் ஒரே நிலையை வைத்திருப்பது. ஐபோனில் ஒரு படத்தை நீக்கினால் ஐபேடிலும் மேகத்திலும் அது நீங்கும். 'அண்மையில் நீக்கியவை' பகுதியில் 30 நாள் காத்திருக்கும், அவ்வளவுதான். கூகள் போட்டோஸில் மேகத்துக்குப் போய்ச் சேர்ந்த படங்கள் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். 61ஆம் நாள் நினைவுக்கு வந்து பயனில்லை. கண்ணாடியில் தெரியும் உருவம் நீங்கள் நகர்ந்தால் தானும் நகர்ந்துவிடும். காப்பு நகல் என்பது நீங்கள் நகர்ந்த பிறகும் அங்கேயே நிற்க வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. கைப்பேசியில் இடம் இல்லை என்று வந்தவுடன் 'இடத்தைக் காலியாக்கு' என்று செயலி கேட்கும். தட்டினால், மேகத்தில் உள்ள படங்களைக் கைப்பேசியிலிருந்து எடுத்துவிடும். அந்த நொடியே உங்கள் 'இரண்டு நகல்' ஒரு நகலாகிவிடுகிறது. படம் செயலியில் தெரிந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் இது உறைப்பதில்லை.

"குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் போட்டிருக்கிறோமே" என்கிறீர்களா? சாதாரணமாக அனுப்பும் படங்களை வாட்ஸ்அப் சுருக்கிவிடும். எடுத்த தேதி, இடம் போன்ற குறிப்புகளும் போய்விடும். பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்ட நினைக்கும்போதுதான் வேறுபாடு தெரியும்.

முதலில் அளந்து பாருங்கள்

எந்தச் சேவை நல்லது என்று கேட்பதற்கு முன் உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு படம் 3 மெகாபைட் என்றால் 20,000 படங்களுக்கு 60 கிகாபைட். 4கே காணொளி ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 170 மெகாபைட் எடுக்கும் என்று கொண்டால், 5 மணி நேரக் காணொளிக்கு 51 கிகாபைட். மொத்தம் 111. கூகள் இலவசமாகத் தருவது 15 கிகாபைட், அதுவும் ஜிமெயிலோடு சேர்த்து. ஆப்பிள் தருவது 5. ஆகவே இலவசத்தில் ஒரு குடும்பத்தின் படங்கள் அடங்காது. பெற்றோரிடம் பேச வேண்டிய விஷயம் இது.

வீட்டு இணையத்தின் பதிவேற்ற வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால் எவ்வளவு நேரமாகும்? 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதை மறந்தால் விடை எட்டு மடங்கு தவறிவிடும். 111 × 8 = 888 கிகாபிட், அதாவது 888,000 மெகாபிட். அதை 20ஆல் வகுத்தால் 44,400 நொடிகள், 12 மணி நேரத்துக்கு மேல். ஓர் இரவு முழுக்க விட்டுவைக்க வேண்டியதுதான். முதல் முறைதான் இந்தப் பாடு. அதன்பிறகு புதிய படங்கள் மட்டுமே போகும்.

சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தில் உள்ள கிகாபைட் எண்ணைவிட, நிபந்தனைகளில் உள்ளவற்றைப் பாருங்கள். படத்தை அசல் அளவிலேயே வைக்கிறதா? கூகள் போட்டோஸின் சேமிப்புச் சிக்கன அமைப்பு 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களைக் குறைத்துவிடும். அமைப்புப் பகுதிக்குள் போய் 'அசல் தரம்' என்று மாற்றாமல் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். நீக்கிய படம் எத்தனை நாள் இருக்கும்? வேண்டும் என்கிறபோது எல்லாவற்றையும் மொத்தமாகத் திரும்ப எடுக்க வழி உண்டா? கூகளில் 'டேக்அவுட்' என்ற வசதி இருக்கிறது. வெளியேறும் கதவு இல்லாத வீட்டுக்குக் குடிபோகாதீர்கள்.

விதிகள் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஃபிளிக்கர் ஒரு காலத்தில் ஒரு டெராபைட் இலவசமாகத் தந்தது. 2019இல் இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள் என்று வரம்பு கட்டியது. கூகள் போட்டோஸின் அளவில்லா இலவசம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட கூகள் கணக்கு நீக்கப்படலாம். மறைந்துவிட்ட உறவினர் ஒருவரின் கணக்கில் படங்கள் இருந்தால் இது பெரிய விஷயம்.

மறையாக்கத்தில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. சாவி உங்களிடம் மட்டும் இருக்கும் சேவையில் நிறுவனத்தாரே உங்கள் படத்தைப் பார்க்க முடியாது. அதே காரணத்தால், சாவியை நீங்கள் தொலைத்தால் அவர்களாலும் மீட்க முடியாது. குடும்பப் படங்களுக்கு எது சரி என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என்னைக் கேட்டால், மீட்புச் சாவியைத் தாளில் எழுதிப் பிறப்புச் சான்றிதழோடு வைக்கக்கூடிய வீடாக இருந்தால் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். எந்தச் சேவையானாலும் இரண்டு படி உறுதிப்படுத்தலைப் போட்டுவிடுங்கள். அது பழைய முன்கட்டண எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்படி இருந்தால் கவனம்: மறுநிரப்பு செய்யாத எண் கைவிட்டுப் போனால் கணக்கும் பூட்டிக்கொள்ளும்.

பாட்டி வீட்டு வன்தட்டு

மாதக் கட்டணம் வேண்டாம் என்கிற குடும்பம், இரண்டு வன்தட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஒன்று வீட்டில், ஒன்று பாட்டி வீட்டில். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஊருக்குப் போகும்போது புதியதைக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்து வாருங்கள். வழியில் தொலைந்தாலும் பிறர் பார்க்காதபடி வெராகிரிப்ட் போன்ற இலவச மென்பொருளால் மறையாக்கம் செய்துவிடலாம். குறை என்னவென்றால், இரண்டு பயணங்களுக்கு இடையில் எடுத்த படங்களுக்கு வெளியிட நகல் இருக்காது. மேகமும் பாட்டி வீடும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஒன்றைக் கெடுக்கும் காரணம் மற்றொன்றைக் கெடுக்காது.

வெளியிட நகலால் தப்பிய படம் ஒன்று உங்களுக்குத் தெரியும். 1998இல் 'டாய் ஸ்டோரி 2' தயாரிப்பில் இருந்தபோது, தவறான ஒரு கட்டளை படத்தின் கோப்புகளை அழிக்கத் தொடங்கியது. காப்பு நகல் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால், அது சரியாக வேலை செய்யவில்லை. யாரும் அதை முன்பு சோதித்துப் பார்த்திருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

அந்த நிறுவனம் செய்யத் தவறிய சோதனையை நீங்கள் இந்த வார இறுதியில் பத்து நிமிடத்தில் செய்யலாம். உங்கள் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், வெள்ளத்தில் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். வேறொரு கணினியில் உட்கார்ந்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஒரு குறிப்பிட்ட படத்தை மீட்க முயலுங்கள். கணக்குக்குள் நுழைய முடிகிறதா? உறுதிப்படுத்தும் எண் எந்தக் கைப்பேசிக்குப் போகிறது? படம் கிடைத்தால் அதன் அளவையும் எடுத்த தேதியையும் பாருங்கள். பிறகு பாட்டியின் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், மூக்குத்திக் கல் தெளிவாகத் தெரிகிறதா என்று.