கொசுவர்த்தி அட்டையில் ஒரு 'க்யூ'

ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடவேளையில் வாரம் ஒருநாள், கடைசிப் பத்து நிமிடம் சொல் விளையாட்டு வைப்பது என் வழக்கம். கரும்பலகையில் ஓர் எழுத்தை எழுதுவேன். அந்த எழுத்தைக் கொண்ட ஆங்கிலச் சொற்களைக் குழந்தைகள் சொல்ல வேண்டும். எழுத்து முதலில்தான் வர வேண்டும் என்பதில்லை, நடுவிலோ கடைசியிலோ இருந்தாலும் சரி. வகுப்பு கலகலப்பாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், உயரும் கைகள் எப்போதும் அதே ஐந்து பேருடையவை. மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே சொல் தெரிந்தவர்களைப் பாராட்டினேனே தவிர, தெரியாதவர்களுக்கு நான் எதையும் கற்றுத்தரவில்லை.

விதியை மாற்றினேன். சொல்லை நினைவிலிருந்து சொல்லக் கூடாது, அச்சில் பார்த்து எடுத்து வர வேண்டும். பாடநூல், பிஸ்கட் உறை, சோப்பு அட்டை, கடைப் பலகை, பேருந்தின் பின்புறம் என எங்கிருந்தும் எடுக்கலாம். எழுத்தை முந்தைய நாளே சொல்லிவிடுவேன். சொல்லை நோட்டில் எழுதி, அதை எங்கே பார்த்தார்கள் என்றும் குறித்து வர வேண்டும்.

முதல் எழுத்தாக 'க்யூ'வைக் கொடுத்தேன். அரிதாக வரும் எழுத்து என்பதால்தான். ஸ்கிராபிள் விளையாட்டை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர். செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப எழுத்து வில்லைகளைப் பிரித்தார். ஆங்கிலப் பெட்டியிலுள்ள 100 வில்லைகளில் 'இ' மட்டும் 12. 'க்யூ' ஒன்றே ஒன்று, அதற்கு மதிப்பெண் 10. 'எஸ்' நான்குதான். அது தாராளமாகக் கிடைத்தால், இருக்கிற சொல்லையெல்லாம் பன்மையாக்கியே ஆட்டத்தை முடித்துவிடலாம் அல்லவா? என் மாணவர்களும் அதே தந்திரத்தைக் கண்டுபிடித்ததால், பன்மைக்குச் சேர்த்த 'எஸ்' செல்லாது என்று நானும் விதி போட வேண்டியதாயிற்று. பாடநூலின் ஒரு பத்தியில் எழுத்துகளை எண்ணி நேர்க்கோட்டுக் குறியிடச் சொல்லிப் பாருங்கள். கணக்கு ஆசிரியரும் மகிழ்வார்.

மறுநாள் குயின், குவிக், குவெஸ்டின், ஸ்குவிரல் என்று வந்து குவிந்தன. எல்லாவற்றையும் பலகையில் எழுதி, "க்யூவுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்?" என்று கேட்டேன். 'யு' என்று வகுப்பே சொன்னது. எப்போதும் 'யு'தானா என்று பார்த்து வரச் சொன்னேன். அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு மாணவி, அடுத்த நாள் 'கத்தார்' என்று அச்சிட்ட பார்சல் அட்டையோடு வந்து அந்த விதியை உடைத்தாள். இன்னொருவன் உலக வரைபடத்தில் 'ஈராக்'கைக் காட்டினான்.

கடைசி வரிசை மாணவன் ஒருவன், கொசுவர்த்தி அட்டையையே கிழித்துக் கொண்டுவந்திருந்தான். அதில் 'மஸ்கிட்டோ' என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அந்த வகுப்பில் அவன் காட்டிய முதல் விடை அதுதான். மகிழ்ச்சியில், பாடநூலிலும் ஒரு 'க்யூ' கண்டுபிடி என்றேன். பக்கம் முழுக்கத் தேடினான். நானே சிறிய எழுத்து 'க்யூ' ஒன்றைத் தொட்டுக் காட்டினேன்.

"இது ஜி டீச்சர்" என்றான்.

மறுநாள் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் தனித்தனி அட்டைகளாக வெட்டி, ஜோடி சேர்க்கச் சொன்னேன். 'ஓ', 'சி', 'எஸ்' இரண்டிலும் ஒரே உருவம் என்பதால் சிக்கல் இல்லை. 'ஏ', 'ஜி', 'ஆர்', 'க்யூ' வந்ததும் திணறினான். அவனைப் போல இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். பாடநூலில் பெரும்பகுதி சிறிய எழுத்துதான். அப்படியென்றால் இத்தனை நாள் அவன் எதைப் பார்த்துப் படித்தான்? எல்லாரும் சேர்ந்து உரக்க வாசிக்கும்போது அவன் வாயும் அசையும், நானும் நம்பிவிட்டேன். ஏழாம் வகுப்பில் இதைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த ஐவருக்கு மட்டும் வேட்டையைச் சற்று மாற்றினேன். இரண்டு உருவங்களும் எழுதிய அட்டையோடுதான் தேடுவார்கள். உறையில் பெரிய எழுத்தில் கிடைத்த சொல்லை நோட்டில் சிறிய எழுத்தில் எழுத வேண்டும்.

மற்றவர்கள் எழுத்துக்கூட்டங்களுக்கு நகர்ந்தார்கள். 'இ'யும் 'ஏ'யும் அடுத்தடுத்து வரும் சொற்களைத் தேடியபோது சுவாரசியம் கூடியது. டீ, சீ, மீட் ஒரு பக்கம். ஹெட், பிரெட் ஒரு பக்கம். கிரேட், பிரேக் இன்னொரு பக்கம். எழுத்து ஒன்று, ஒலி மூன்று என்று பிரித்து முடித்த நேரத்தில் ஒருத்தி 'இயர்' என்று நான்காவதைக் கொண்டுவந்தாள். பலகையில் இடம் இல்லை.

எழுத்துகளைக் கொடுத்தால் அவை அடங்கிய சொற்களை நொடியில் வரிசையிட்டுக் காட்டும் செயலிகள் கைப்பேசியில் உண்டு. ஆசிரியர் முன்தயாரிப்புக்கு அவற்றைப் பயன்படுத்தலாம், நானும் பயன்படுத்துகிறேன். குழந்தைகளிடம் தரமாட்டேன். 'க்யூ' என்று கேட்டால் 'க்யூ, ஐ' என்று இரண்டே எழுத்தில் ஒரு சொல்லைக் காட்டும். சீன மொழியிலிருந்து வந்த அந்தச் சொல் ஸ்கிராபிள் ஆடுபவர்களுக்குத் தங்கம். என் மாணவனுக்கு அவன் வீட்டு 'மஸ்கிட்டோ' போதும்.

மூன்று வாரம் கழித்து எல்லாருக்கும் பொதுவாக 'ஐ, ஜி, ஹெச்' கொடுத்தேன். நைட், லைட், ரைட் என்று பலர் பாடநூலிலிருந்து எடுத்து வந்தார்கள். கொசுவர்த்தி மாணவனின் நோட்டில் ஒரே ஒரு சொல், 'ஹை'. எங்கே பார்த்தாய் என்ற இடத்தில் 'நம்ம ஸ்கூல் கேட்' என்று தமிழில் எழுதியிருந்தான். அரசு உயர்நிலைப் பள்ளி என்ற எங்கள் பெயர்ப்பலகையின் ஆங்கில வரி முழுவதும் பெரிய எழுத்து. அவன் அதைச் சிறிய எழுத்தில் மாற்றி எழுதியிருந்தான். 'ஜி'யின் வால் மட்டும் வலப்பக்கம் திரும்பியிருந்தது.