தென்னை வேரில் ஒரு மஞ்சள் மருந்து

அன்புள்ள தம்பிக்கு,

திருநள்ளாறு தோப்பில் சில தென்னைகள் அடிமரத்தில் செந்நீர் வடிப்பதாக எழுதியிருந்தாய். பூஞ்சையால் வரும் தஞ்சாவூர் வாடல் நோய்தான் அது. அதோடு நிறுத்தியிருந்தால் மருந்தளவை மட்டும் எழுதி அனுப்பியிருப்பேன். "ஆரியோஃபங்கின் கெமிக்கல் ஆயிற்றே சார், எங்களுடையது இயற்கை விவசாயம், சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா மட்டும் போடுகிறோம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டாய். வேளாண்மை படிக்கிற பிள்ளை எழுதுகிற வரியா இது?

ஆரியோஃபங்கின் எங்கே பிறந்தது? புனே அருகே பிம்ப்ரியில் 1954இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில். அந்தப் பெயரைக் கேட்டால் பென்சிலினோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். எனக்கு அங்கே எம். ஜே. திருமலாச்சார்தான் முக்கியம். பயிர்களைத் தாக்கும் துரு நோய், கரிப்பூட்டைப் பூஞ்சைகளில் ஊறிப்போன மனிதர். அவரும் கூட்டாளிகளும் 1961இல் ஹாமைசின், 1964இல் ஆரியோஃபங்கின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகளை வெளியிட்டார்கள். இரண்டுமே ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகையறா மண் பாக்டீரியாக்கள் சுரப்பவை. ஆலை செய்ததெல்லாம், அவற்றைத் தொட்டியில் தீனி போட்டு வளர்த்து, சுரந்ததைப் பிரித்தெடுத்ததுதான். நீ நம்பும் சூடோமோனாஸ் பாக்டீரியா என்ன செய்கிறதாம்? அதன் பல ரகங்கள் டைஅசிட்டைல்ஃபுளோரோகுளூசினால் என்ற நச்சைச் சுரந்துதான் பூஞ்சையை அடக்குகின்றன. அது மட்டும் கெமிக்கல் இல்லையா?

ஆரியோஃபங்கின் பொடியைக் கையில் எடுத்துப் பார், மஞ்சளாக இருக்கும். மூலக்கூறில் வரிசையாக ஏழு இரட்டைப் பிணைப்புகள். அவை ஊதா, நீலப் பக்கத்து ஒளியை விழுங்கிவிடுவதால் வரும் நிறம் அது. வெயில் பட்டால் கெடுவதும் அந்தப் பிணைப்புகளால்தான். பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டீரால் இருக்கிறது. இந்த மருந்து அதைப் போய்ப் பிடிக்கிறது. இதே குடும்பத்து ஆம்ஃபோடெரிசின் பி சவ்வில் துளை போடுகிறது என்றுதான் நாங்கள் படித்தோம். 2014இல் வந்த ஆய்வு, அது சவ்வுக்கு வெளியே திரண்டு நின்று எர்கோஸ்டீராலை உறிஞ்சியெடுத்தே கொல்கிறது என்றது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2021இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது நாடெங்கும் தட்டுப்பாடான மருந்து அந்த ஆம்ஃபோடெரிசின்தான். முழுக்க முழுக்க பாக்டீரியா சுரப்பது. ஆனால் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். நம் சவ்வில் இருக்கும் கொலஸ்டிரால் எர்கோஸ்டீராலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மருந்து அதையும் ஓரளவு பிடித்துக்கொள்கிறது. கடலையில் பூக்கும் பூஞ்சை சுரக்கும் அஃப்ளடாக்சினும் இயற்கைதானே, ஈரலில் புற்றை வரவழைக்கவில்லையா? இயற்கை என்ற சொல்லைப் பையில் அச்சடித்து விற்பவர்களிடம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் இருவரைப் பற்றியும் தேடிப் படி. ஒரு பண்ணை மண்ணிலிருந்து எடுத்த, ஆரியோஃபங்கின் குடும்பத்து நிஸ்டாடினை 1950இல் அறிவித்தவர்கள். 1966 வெள்ளத்தில் நனைந்த ஃபுளோரன்ஸ் நகரத்து ஓவியங்களில் பூசணம் பிடிக்காமலிருக்க அதே மருந்தைப் பூசினார்கள். எல்ம் மரங்களின் நோய்க்கும் போட்டுப் பார்த்தார்கள். மனிதர், மரம், ஓவியம் எதுவானாலும் அந்த மருந்து தேடிப்போவது எர்கோஸ்டீராலைத்தான்.

ஆகவே இயற்கையா செயற்கையா என்று என்னிடம் கேட்காதே. யாரைத் தாக்கும், எவ்வளவில் தாக்கும், கூட இருக்கும் யாரைக் கெடுக்கும் என்று கேள். ஆரியோஃபங்கினை மண்ணில் ஊற்றினால் நீ வேப்பம் புண்ணாக்கோடு போட்டிருக்கும் டிரைக்கோடெர்மாவையும் விட்டுவைக்காது; அதுவும் பூஞ்சைதான். வேர் வழியாகக் கொடுப்பது அந்த வகையிலும் நல்லது.

ஆரியோஃபங்கின் சோல் 2 கிராம், மயில்துத்தம் 1 கிராம், தண்ணீர் 100 மில்லி. பென்சில் பருமனில் உயிருள்ள வேராகத் தேர்ந்து, சாய்வாக வெட்டி, கரைசல் நிறைந்த பாலிதீன் பையில் முனை மூழ்கும்படி கட்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. நோயின் தொடக்கத்தில் இருக்கும் மரங்களுக்கே இது பலிக்கும். குருத்து வரை சாய்ந்துவிட்டவற்றை வேரோடு எடுத்து எரித்துவிடு. கலக்க இரும்புச் சட்டி வேண்டாம், துத்தம் அரித்துவிடும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்
காரைக்கால்