உள்நாக்கும் தொண்டை நோவும்

"பிள்ளைக்கு உள்நாக்கு வளர்ந்துவிட்டபடியால் இன்று பள்ளிக்கு வர இயலவில்லை" எனும் கடிதத்தை ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் பெற்று வருகிறோம். எந்த உறுப்பைக் குறித்து அது எழுதப்பட்டது என்பது பல வேளைகளில் நமக்கு விளங்குவதில்லை. நம் பேச்சு வழக்கில் இரண்டு உறுப்புகள் அந்த ஒரு பெயரைப் பங்கிட்டுக் கொண்டிருப்பதே காரணம்.

பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, "ஆ" என்று சொல்லச் செய்து பார்ப்போம். மேலண்ணத்தின் பின்முனையில், நடுவே சிறு திராட்சை போலத் தொங்குவதே உள்நாக்கு. அதன் இருபுறமும் தொண்டைச் சுவரில் புடைத்து நிற்கும் சதைகள் டான்சில்கள். "சிறு வயதில் எனக்கு உள்நாக்கை அறுத்தெடுத்தார்கள்" என்று கூறும் பெரியவர்கள் பலர் கண்ணாடியில் பார்த்தால், உள்நாக்கு இருந்த இடத்திலேயே தொங்குவதைக் காண்பர். அவர்களுக்கு எடுக்கப்பட்டவை டான்சில்களே.

உள்நாக்கு நோயன்று, நாம் பிறக்கும்போதே உடன் கொண்டுவந்த உறுப்பு. விழுங்கும் வேளையில் அது மெல்லண்ணத்தோடு மேலெழுந்து, உணவும் நீரும் மூக்கினுள் ஏறாதபடி வழியடைக்கத் துணை செய்கிறது. தொண்டையில் கிருமி தொற்றும்போது சுற்றியுள்ள சதையோடு அதுவும் சிவந்து வீங்கலாம். வீங்கிய உள்நாக்கு நாக்கின் பின்பகுதியைத் தீண்டுவதால், ஏதோ சிக்கிக்கொண்டது போன்ற உணர்வும் குமட்டலும் தோன்றுகின்றன. "வளர்ந்துவிட்டது" என்று தாய்மார் கூறுவது இதனைத்தான்.

சில வீடுகளில் கரண்டிக் காம்பில் உப்பும் மிளகுப்பொடியும் தடவி உள்நாக்கை அழுத்திவிடுவர். உச்சி மயிரைப் பற்றி இழுப்பாரும் உளர். மயிரை இழுப்பதால் பெருந்தீங்கு இல்லை; பிள்ளை இரண்டு சொட்டுக் கண்ணீர் விடும், அவ்வளவே. காம்பால் அழுத்துவது அப்படியன்று. புண்பட்ட சதை மேலும் புண்படும். திமிறும் பிள்ளைக்குக் குருதியும் கசியலாம். எப்படியும் சில நாளில் தானே வடியவிருந்த வீக்கம் வடிந்ததும், புகழ் மிளகுக்குப் போய்ச் சேர்கிறது!

பிள்ளைகளின் தொண்டை நோவு பெரும்பாலும் வைரஸ் கிருமிகளால் வருவது. மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் ஆகியவை உடன் வந்தால் பெரும்பாலும் இவ்வகையே. ஒரு வாரத்திற்குள் தானே நீங்கும். ஆண்டிபயாட்டிக் மருந்து வைரஸைக் கொல்லாது. ஆகவே மருத்துவர் அம்மருந்தைத் தராமல் அனுப்பினால் அவரைக் குறைகூற வேண்டியதில்லை.

மற்றொரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எனும் பாக்டீரியாவால் வருவது. 5 முதல் 15 வயதுள்ளோரை, அதாவது நம் பள்ளிப் பிள்ளைகளை, இது மிகுதியாகப் பற்றுகிறது. திடீர்க் காய்ச்சல், விழுங்கும்போது கடும் வலி, கழுத்தில் நெறி கட்டுதல், டான்சில்களில் வெண்மையான படிவு ஆகியவை இதன் அறிகுறிகள். இருமலோ சளியோ பொதுவாக இராது. கண்ணால் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல இயலாதாகையால், மருத்துவர் தொண்டையைப் பஞ்சுக் குச்சியால் தடவிச் சோதிப்பதும் உண்டு.

இந்த வேறுபாட்டை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் தொண்டையன்று, இதயம். ஸ்ட்ரெப்டோகாக்கஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆற்றல், சிலரிடம், இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் தன் சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்குகிறது. இதுவே வாதக் காய்ச்சல். முழங்கால், கணுக்கால் மூட்டுகள் ஒன்று மாற்றி ஒன்றாக வீங்கி வலிக்கும். மூட்டு வலி போய்விடும். ஆனால் இதய வால்வுகளில் விழுந்த தழும்பு வாழ்நாள் முழுதும் நிற்கலாம். நோய் தொடங்கிய 9 நாள்களுக்குள் பெனிசிலின் கொடுக்கத் தொடங்கினால் இதனைத் தடுக்கலாம். அம்மாத்திரைகளைப் பொதுவாக 10 நாள் முழுதும் விழுங்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பதோ வேறு. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுப் பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும், எஞ்சிய மாத்திரைகள் தம்பிக்கு உதவும் என்று அலமாரிக்குப் போய்விடுகின்றன. வலி நீங்கியதால் கிருமி நீங்கிவிட்டது என்று ஆகாது.

வீட்டில் செய்யத்தக்கவை எளியன. கொப்பளிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு குவளை வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, இளஞ்சூடாக்கிக் கொப்பளிக்கச் செய்யலாம். பாட்டிமார் சொன்ன இம்முறை நல்ல முறையே. காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலை எடைக்கேற்ற அளவில் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் ஆகாது. ஐஸ் கச்சாங் தின்றதால்தான் நோய் வந்தது என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதும் முறையன்று. குளிர்ச்சி கிருமியை உண்டாக்காது. குளிர்ந்த பண்டம் சிறிது நேரம் வலியைத் தணிக்கவும் கூடும்.

எச்சிலையும் விழுங்கமாட்டாமல் வாயொழுகுதல், மூச்சு விடத் திணறுதல், வாய் திறக்க முடியாமை, உள்நாக்கு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருத்தல் ஆகியவை தோன்றினால் இரவென்றும் பாராது மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மூச்சுத் திணறும் பிள்ளையின் வாயில் கரண்டியை விட்டுப் பார்க்கவே கூடாது. ஏதேனும் உணவுக்கோ மருந்துக்கோ பின் உள்நாக்கும் உதடும் திடீரென வீங்கினால் அஃது ஒவ்வாமை. அதற்கும் அதே விரைவு வேண்டும்.

தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்வது தொண்டை அடைப்பான் நோயின் குறி. பழங்கதை என்று எண்ணியிருந்த இந்நோயால் 2016ஆம் ஆண்டில் மலேசியாவில் குழந்தைகள் இறந்தனர். கைக்குழந்தைப் பருவத்துத் தடுப்பூசிகளோடு, முதலாம் ஆண்டில் போடும் ஊசியும் இதற்கான காப்பே. அதற்கான ஒப்புதல் படிவம் பள்ளியிலிருந்து வரும்போது பெற்றோர் தயங்காது கையெழுத்திட வேண்டுகிறோம்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றிய பிள்ளை மருந்து தொடங்கி ஒரு நாள் கடந்து, காய்ச்சலும் விட்டபின் வகுப்புக்கு வரலாம். தண்ணீர்ப் புட்டியை நண்பர்களோடு பகிரவேண்டாம் என்று சொல்லியனுப்புக. பகல் வேளைக்கு மாத்திரை இருந்தால், நேரத்தையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதி வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குக.